தம்பி, நேரத்தை விடுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்

தம்பி, கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம், நிரந்தர வதிவிடம் கையில், வெயர்ஹவுஸில் முழுநேர வேலை. சனி ஞாயிறில் மணவறைச் சோடனை தொடங்க நினைக்கிறேன், நேரத்தை எப்படிப் பிரிப்பது, பெயர் பதிய வேண்டுமா, வேலைத்தளத்தில் சொல்ல வேண்டுமா, இணையத்தளம் யாரிடம் செய்விப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இணையத்தளம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பதினேழு வருடம் அது இல்லாமல்தான் சோடித்தேன். பெயர் விஷயம் சின்னது: உங்கள் சொந்த முழுப்பெயரில் செய்தால் பதியத் தேவையில்லை, வேறு பெயர் வைத்தால் ஒன்ராறியோவில் இணையவழி 60 டொலர், ஐந்து வருடத்துக்குச் செல்லும். நிரந்தர வதிவிடம் இருப்பதால் பிழைத்தீர்கள். ஒரே முதலாளியின் பெயரில் வேலை அனுமதி வைத்திருக்கும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு இறங்கிவிடக் கூடாது, அவர்களுக்கு அது பெரிய சிக்கல்.

நேரத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் வயதில் நேரம் எப்படியோ கிடைக்கும். என்னை விழுத்தியது காசு.

2012 இல் எனக்கு நல்ல ஓட்டம். ஆவணியில் மட்டும் ஏழு கல்யாணம், அதற்கு முன் வரிசையாகச் சாமத்திய வீடுகள். பூ, வான் வாடகை, கூட வந்த இரண்டு பெடியன்களின் சம்பளம் எல்லாம் போக என் கையில் நின்றது பதினோராயிரம் அளவில்தான். 30,000 டொலருக்கு மேல் போனால்தான் எச்.எஸ்.ரி., அதாவது விற்பனை வரி, வாங்கிக் கட்ட வேண்டும் என்று யாரோ சொன்னது காதில் இருந்தது. நமக்கு அது எட்டாத தூரம் என்று இருந்துவிட்டேன்.

அந்த 30,000 லாபம் இல்லை தம்பி, விற்பனை. செலவு கழிக்காத முழுத் தொகை. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதும் இல்லை, தொடர்ந்து வரும் எந்த நான்கு காலாண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஒரே காலாண்டில் தாண்டினால், தாண்டவைத்த அந்தப் பில்லுக்கே வரி சேர்க்க வேண்டும். எனக்குத் தெரியவந்தபோது அந்த 30,000 எல்லையைத் தாண்டிய பிறகு மேலும் 26,000 டொலருக்கு வேலை செய்து முடித்திருந்தேன். 13 வீதம், 3,380 டொலர், வட்டி வேறு. கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடம் போன வீட்டுக்கு அழைத்து "அண்ணை, வரி விட்டுப்போச்சு" என்று கேட்க முடியுமா? ஒருவரைக் கேட்டுப் பார்த்தேன். பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள், பிறகு எடுங்கோ என்றார்.

தொழிலுக்குச் சாமான் வாங்கும்போது நான் கொடுத்த எச்.எஸ்.ரி.யைக் கழித்துக்கொள்ளலாம், பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவாருங்கள் என்றார் கணக்காளர். இருந்தன, எல்லாம் வானின் முன்பெட்டியில். ஒரு கோடை முழுவதும் வெக்கையில் கிடந்த அந்தக் கடதாசிகள் கறுத்தும் வெளுத்தும் போயிருந்தன. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பெற்றோல் நிலையத்தின் சின்னம் மட்டும் நிழல்போலத் தெரிந்தது. தொகையும் இல்லை, திகதியும் இல்லை. வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும்.

வங்கியில் தனிக் கணக்கு ஒன்றும் திறவுங்கள். முற்பணம் வந்ததும் சம்பளக் கணக்கில் போட்டு வாடகை கட்டினால் எது உங்கள் காசு என்று உங்களுக்கே தெரியாது. இன்னொரு பொறி: சுயதொழில்காரர் வருமான வரிப் படிவம் கொடுக்க ஜூன் 15 வரை நேரம் உண்டு, ஆனால் கட்ட வேண்டிய காசுக்கு ஏப்ரல் 30 தான் கடைசி. ஓய்வூதியப் பங்கும் இரண்டு பக்கத்தையும் நீங்களே கட்ட வேண்டும், பாதியைக் கட்ட அங்கே முதலாளி இல்லை. வான் காப்புறுதிக்காரரிடமும் தொழிலுக்கு ஓடுகிறது என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அடிபட்டால் கைவிரித்துவிடுவார்கள்.

மீதிக் காசைத் தாலி கட்டுமுன் வாங்கிவிடுங்கள். இதை மட்டும் எழுதி வையுங்கள். எங்கட சனம் மண்டபத்துக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கும், சோடனைக்காரனிடம் வந்து "நீங்களும் எங்கட ஊர்ப்பக்கம்தானே, இருநூறு குறையுங்கோ" என்னும்.

வேலைத்தளத்தில் சொல்வது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது, வாசித்துப் பாருங்கள். ஆனால் ஞாயிறு இரவை யோசியுங்கள். மண்டபம் ஒரு மணிக்குப் பூட்டும். கடைசி ஆட்கள் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருக்க நாங்கள் தூண் கழற்றுவோம். வீடு போக மூன்று மணி. ஆறு மணிக்குப் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் ஷிப்ட். ஒரு திங்கள் மெஷினடியில் நின்றபடியே தூங்கிவிட்டேன், பக்கத்தில் நின்ற பிலிப்பீன்ஸ்காரர் தோளில் தட்டியிராவிட்டால் இன்றைக்கு வலக்கையில் விரல் குறைந்திருக்கும். அதன் பிறகு ஞாயிறு கல்யாணம் என்றால் திங்களுக்கு முன்கூட்டியே லீவு எழுதினேன், அந்த நாள் சம்பளத்தையும் கூலியில் சேர்த்தே விலை சொன்னேன்.

என் வயதுக்காரர் சிலர் மூன்று வேலை செய்து வீடு வாங்கிய கதை சொல்வார்கள். நம்புங்கள், உண்மைதான். அந்த வீட்டில் அவர்கள் எத்தனை இரவு படுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். புதிதாக வருகிற சிலரோ ஒரு பலூன் கட்டுமுன் 'நிர்வாக இயக்குநர்' என்று கார்ட் அடிக்கிறார்கள். உங்கள் எழுத்தில் அந்த வாசம் இல்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நான் வந்தது 1999 ஜனவரி. பனி கொட்டி ரொறன்ரோ மேயர் இராணுவத்தைக் கூப்பிட்ட மாதம். எக்லின்டனில் ஒரு பேஸ்மென்டில் ஐந்து பேர். இரண்டு வருடம் கழித்து அறைத்தோழனின் கல்யாணத்துக்குச் சோடிக்க ஆள் பிடிக்கக் காசில்லை, ரெஜிபோம் (தெர்மோகோல்) வாங்கி நானே ஆறு தூண் வெட்டினேன். ஒட்டும் பசை நாற்றம் மேலே ஏறி வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். திட்டத்தான் வந்தவர், தூணைப் பார்த்துவிட்டு, தன் மகளின் சாமத்திய வீடு வைகாசியில் வருகிறது, இதில் நாலு வேண்டும் என்றார். அதுதான் என் முதல் ஓடர். வாடகையில் கழித்தார்.

அதில் இரண்டு தூண் இன்னும் கராஜில் நிற்கிறது. மனைவி எறியச் சொல்கிறா. வேண்டுமென்றால் வந்து எடுங்கள், வானோடு வாருங்கள், காருக்குள் ஏறாது.