கறுப்பு விதவைச் சிலந்தி இனங்களை உடலமைப்பை வைத்து எப்படிப் பிரிப்பது? சிவப்புக் குறி போதாதா?

போதாது. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் இரண்டு இனங்கள் பல இடங்களில் கலந்தே வாழ்கின்றன: தெற்குக் கறுப்பு விதவை (லாட்ரோடெக்டஸ் மாக்டன்ஸ்), வடக்குக் கறுப்பு விதவை (லாட்ரோடெக்டஸ் வேரியோலஸ்). வயிற்றின் அடியிலுள்ள சிவப்பு மணற்கடிகைக் குறி மாக்டன்ஸில் முழுதாகவும் வேரியோலஸில் நடுவே அறுந்தும் இருக்கும் என்பார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் விதிவிலக்குகள் நிறைய. இளம் சிலந்திகளின் நிறமோ தோலுரிக்கத் தோலுரிக்க மாறும்.

முதலில் அது விதவைச் சிலந்திதானா என்று பாருங்கள். ஸ்டீடோடா குரோசா என்ற சிலந்தியை இதென்று நினைத்துக் கொண்டுவருபவர்கள் அதிகம். முகத்தின் இருபுறமும் ஓரத்தில் இரண்டிரண்டு கண்கள் உண்டு. விதவைச் சிலந்திகளின் பேரினமான லாட்ரோடெக்டஸில் ஒரே பக்கத்திலுள்ள அந்த இரண்டுக்கும் நடுவே தெளிவான இடைவெளி இருக்கும். ஸ்டீடோடாவில் அவை ஒட்டியிருக்கும். 20 மடங்கு உருப்பெருக்கத்திலேயே இது தெரிந்துவிடும்.

இனத்தைச் சொல்வது இனப்பெருக்க உறுப்புகள். ஆணில் பெடிபால்ப், அதாவது வாயருகே உள்ள உணர்கால், அதன் நுனியில் எம்போலஸ் என்ற மெல்லிய குழல் வாட்ச் ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். மாக்டன்ஸில் மூன்று சுற்று, வேரியோலஸில் நான்கு. பால்ப்பைத் தனியே எடுத்து, ஆல்கஹாலுக்குள் மெல்லிய மணலில் ஊன்றி, அடிப்பக்கம் நேராகத் தெரியும்படி வைத்து எண்ணுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு சுற்று இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். குழல் கிளம்பும் இடத்தை முதலில் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்க வேண்டும். கண்ணில் முதலில் படும் வளைவிலிருந்து எண்ணினால் கணக்கு தப்பும். பால்ப் உப்பி விரிந்திருந்தால் சுற்றுகள் தளர்ந்துவிடும். விரியாத பால்ப்பின் படத்தோடு அதை ஒப்பிடக் கூடாது. நுனி வெறுமனே வீங்கி, கருத்த பாகம் எதுவும் இல்லையென்றால் அது இன்னும் முதிராத ஆண். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பெண்ணில் வேலை அதிகம். எபிஜைன், அதாவது வயிற்றின் அடியிலுள்ள பெண் இனப்பெருக்க உறுப்பின் தகடு, வெளியிலிருந்து பார்த்தால் குறுக்குவாட்டில் ஒரு நீள்வட்டத் துளை, அவ்வளவுதான். இனத்துக்கு இனம் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே விந்துப்பைகளுக்குப் போகும் நாளங்களின் சுருளைத்தான் பார்க்க வேண்டும். வேரியோலஸில் அதுவும் ஒரு சுற்று கூடுதல். 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலில் பதப்படுத்திய சிலந்தியில், எபிஜைனைச் சுற்றி மூன்று பக்கம் நுண்ணூசியால் கீறித் தூக்கி, நான்காவது பக்கத்தையும் வெட்டி எடுங்கள். ஒட்டியிருக்கும் தசையை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்துவிடும். அடிக்கடி எடுத்துப் பாருங்கள். அளவு மீறினால் மெல்லிய சுவர்கள் குழைந்து சுருள் குலைந்துபோகும். தண்ணீரில் அலசி, 95 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹாலில் சில நிமிடம் வைத்து, பிறகு கிராம்புத் தைலத்தில் போட்டால் உள்ளே இருப்பது கண்ணாடியாகத் தெரியும். தைலம் பால் நிறமாகக் கலங்கினால் ஈரம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். திரும்ப ஆல்கஹாலில் போடுங்கள்.

விந்துப்பைக்குள் கருத்த சிறு துணுக்கு கிடந்தால் குழம்ப வேண்டாம். இணைசேரும்போது முறிந்து தங்கிய ஆணின் எம்போலஸ் நுனி அது. இனத்தின் அடையாளமல்ல, இணைசேர்ந்ததற்கான சாட்சி.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 1959-இல் சிலந்தி ஆய்வாளர் ஹெர்பர்ட் லெவி இனப்பெருக்க உறுப்புகள் பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டு, ஆஸ்திரேலியாவின் ரெட்பேக் என்ற விதவைச் சிலந்தி உட்படப் பலவற்றை மாக்டன்ஸின் கிளையினங்களாக்கினார். ரெட்பேக் பிறகு மீண்டும் தனி இனமானது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் இன்னொரு கறுப்பு விதவையான ஹெஸ்பெரஸை மாக்டன்ஸிலிருந்து பிரிக்கவும் சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் நம்ப மாட்டேன். பிடித்த இடம் தெரிந்தாக வேண்டும், சந்தேகமிருந்தால் மரபணுச் சோதனை. அதனால் வெட்டிய எபிஜைனைச் சிறு குப்பியில் போட்டு அதே சிலந்தியோடு வையுங்கள். பிடித்த இடம், தேதி இரண்டையும் பென்சிலில் எழுதி உள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.