ஏரியா, புதரா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குறிச்சொற்கள்: கேள்வி பதில்

யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையத் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. வரைந்தது ஏரியா, சாலையா, கடையா என்று வரைபடத்துக்குச் சொல்லும் குறிச்சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். வரைபடத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும்.

எங்கள் ஊர் ஏரியை ஒருவர் ‘நேச்சுரல்=ஸ்கிரப்’, அதாவது புதர்க்காடு என்று குறித்திருக்கிறார். செயற்கைக்கோள் படத்திலும் கருவேல மரங்கள்தான் தெரிகின்றன. திருத்தலாமா?

உடனே திருத்துங்கள். அந்தப் படம் கோடையில் எடுக்கப்பட்டிருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்தில் தண்ணீர் நிற்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் சாட்சியம் படத்தைவிடப் பெரியது.

நீர்ப்பரப்புக்கு ‘நேச்சுரல்=வாட்டர்’, கூடவே ‘வாட்டர்=ரிசர்வாயர்’. ஆண்டு முழுவதும் நீர் நிற்காது என்பதால் ‘இன்டர்மிட்டன்ட்=யெஸ்’ சேருங்கள். இந்த மூன்றாவது குறியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எல்லையை இப்போது ஈரம் இருக்கும் இடத்தோடு நிறுத்தாமல், ஏரி நிரம்பினால் நீர் எதுவரை ஏறுமோ அதுவரை வரையுங்கள்.

நீர்ப்பரப்பை வரைந்ததோடு வேலை முடியவில்லை. கலங்கலுக்கு ‘வாட்டர்வே=வியர்’, மதகுக்கு ‘வாட்டர்வே=ஸ்லூஸ்_கேட்’ இருக்கின்றன. கரையை ‘மேன்_மேட்=டைக்’ என்று இடுவோரும் உண்டு, ‘வாட்டர்வே=டேம்’ என்று இடுவோரும் உண்டு. ஓடையின் குறுக்கே மண்கரை எழுப்பி நீரைத் தேக்கிய அமைப்பு என்பதால் நான் இரண்டாவதையே இடுகிறேன். கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்காலையும் வரைந்துவிடுங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்த வரைபடம் இந்தத் தரவின் மேல்தான் எழுந்தது. ஏரியைப் புதர் என்று எழுதிவைத்தால், நாளை அந்த இடத்தில் மனை போடுகிறவருக்கு அது ஏரி என்று சொல்ல வரைபடத்தில் எதுவும் இருக்காது.

‘ஹைவே=அன்கிளாசிஃபைட்’ என்றால் வகை தெரியாத சாலைதானே?

இல்லை. இந்தத் தவறு நம் மாவட்டங்கள் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது பிரிட்டனில். அங்கே அந்தச் சொல் ஒரு சாலை வகையின் பெயர். ‘டெர்ஷரி’ என்னும் மூன்றாம் நிலைச் சாலைக்குக் கீழே, ஊரையும் ஊரையும் இணைக்கும் சிறு சாலை என்று பொருள். இருபுறமும் வீடுகள் இருக்கும் தெரு ‘ரெசிடென்ஷியல்’. டிராக்டர் போகும் வயல்வழி ‘டிராக்’. வகை உண்மையாகவே தெரியவில்லை என்றால் ‘ஹைவே=ரோடு’ என்று இட்டு வையுங்கள், தெரிந்தவர் மாற்றுவார். ஆங்கிலேயச் சட்ட வழக்கில் பொதுமக்கள் நடக்கும் எந்த வழியும் ‘ஹைவே’தான். ஒற்றையடிப் பாதையும் ‘ஹைவே=பாத்’ ஆனது அதனால்தான்.

எங்கள் தெரு வரைபடத்தில் இருக்கிறது. ஆனால் வழிகாட்டும் செயலி அதைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறது. ஏன்?

தெரு முக்கைப் பெரிதாக்கிப் பாருங்கள், இன்னும் பெரிதாக்குங்கள். தெருவின் கடைசிப் புள்ளி பெரிய சாலையின் கோட்டைத் தொடாமல் அரையடி தள்ளி நின்றுகொண்டிருக்கும். உங்கள் கண்ணுக்கு அது சேர்ந்த தெரு, செயலிக்கோ முட்டுச்சந்து. இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியைப் பகிர்ந்தால்தான் வழி பிறக்கும். அந்தப் புள்ளியைப் பிடித்து இழுத்துச் சாலைக் கோட்டின் மேல் விடுங்கள், ஒட்டிக்கொள்ளும். அங்கே சேர்ந்துதான் இருக்கிறது என்றால், ஒருவழிக் குறியோ ‘ஆக்சஸ்=பிரைவேட்’ என்ற குறியோ தவறாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வரைபடத்தைத் திருத்தும் மென்பொருள்களான ஐடி, ஜேஓஎஸ்எம் இரண்டில் எதைக் கற்றுக்கொள்வது? என்னிடம் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது.

கைப்பேசி போதும். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி, நீங்கள் நிற்கும் இடத்தில் விடுபட்டதைக் கேள்வியாகக் கேட்கும்: இந்தச் சாலை தாரா, மண்ணா? இந்தக் கட்டடம் எத்தனை மாடி? பதிலைத் தொட்டால் குறிச்சொல்லை அதுவே எழுதிவிடும். கடைகளைச் சேர்க்க எவ்ரி டோர் என்ற செயலி வசதியானது.

கணினி கிடைக்கும்போது உலாவியிலேயே திறக்கும் ஐடியில் தொடங்குங்கள். கட்டடத்தை வரைந்து கியூ விசையை அழுத்தினால் மூலைகள் செங்கோணமாகும். ஜேஓஎஸ்எம்மைத் தனியாக நிறுவ வேண்டும், பழகச் சில வாரம் ஆகும். ஒரு கிராமத்தையே வரையும் அளவுக்கு வந்தபின் அதைத் தொடுங்கள். பதிவேற்றும் முன் அதன் சரிபார்ப்பான் காட்டும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். முன் கேள்வியில் சொன்ன அரையடி இடைவெளியையும் அது காட்டிக்கொடுக்கும்.

டீக்கடைக்கு ‘ஷாப்=டீ’ சரிதானே?

அது தேயிலைத்தூள் விற்கும் கடைக்கு. நின்று டீ குடிக்கும் கடைக்கு ‘அமெனிட்டி=கஃபே’.

பெயர்களைத் தமிழில் சேர்க்க விரும்புகிறேன். ஆங்கிலப் பெயர்களை மென்பொருளால் மொத்தமாக மாற்றி ஏற்றலாமா?

தயவுசெய்து வேண்டாம். மென்பொருள் ‘எக்மோர்’ என்று எழுதும், ஊர் எழும்பூர். ‘டிரிப்ளிகேன்’ என்று எழுதும், ஊர் திருவல்லிக்கேணி. இப்படி ஏறிய பெயர் அங்கிருந்து செயலிகளுக்குப் போய், ஊர்க்காரர் அல்லாத எல்லோருக்கும் அதுவே பெயராகிவிடுகிறது. பெயர்ப்பலகையைப் பாருங்கள், பலகை இல்லையென்றால் அந்தத் தெருவில் இருப்பவரைக் கேளுங்கள். பிறகு தமிழ்ப் பெயருக்கான ‘நேம்:டிஏ’ என்ற குறியில் எழுதுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பெயர் சேர்ந்தாலும் போதும்.

கூகுள் மேப்பைப் பார்த்துத் தெருப்பெயர்களை எழுதிக்கொள்ளலாமா?

கூடாது. அது அவர்களுடைய தரவு. நம் தரவு 2012 முதல் ஓடிபிஎல் என்னும் திறந்த உரிமத்தின்கீழ் இருக்கிறது. பிறர் உரிமையுள்ளது கலந்தால் நீக்க வேண்டியதுதான், அதோடு நீங்கள் சேர்த்த நல்லவையும் போய்விடக்கூடும்.

நான் வரைந்த வீடுகள் எல்லாம் சாலைக்கு மேல் ஏறி நிற்கின்றன.

பின்னணியில் இருக்கும் செயற்கைக்கோள் படம் சில மீட்டர் நகர்ந்திருக்கிறது. மற்றவர்கள் பதிவேற்றிய ஜிபிஎஸ் தடங்களைத் திரையில் வரவழைத்து, பின்னணிப் படத்தை அவற்றோடு பொருத்திவிட்டு வரையத் தொடங்குங்கள். உயரமான கட்டடத்தின் கூரை ஒரு பக்கம் சாய்ந்து தெரியும். கூரையை வரைந்து, உருவத்தை அப்படியே அடித்தளத்துக்கு நகர்த்துங்கள்.

நேற்றுச் சேர்த்த பள்ளிக்கூடம் என் கைப்பேசிச் செயலியில் தெரியவில்லை.

சேமித்த உடனேயே அது தரவில் ஏறிவிட்டது. இணையமின்றி இயங்கும் செயலிகள் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு காட்டுகின்றன. அடுத்த பதிப்பு வந்ததும் மறுபடி இறக்குங்கள்.