எக்ஸ்ரே எடுக்கும் முன்பே நெஞ்சில் ஊசி குத்துவது ஏன்?

விபத்தில் நெஞ்சில் அடிபட்டவருக்கு எக்ஸ்ரே கூட எடுக்காமல் ஊசி குத்திவிட்டார்களே, அவசரப்பட்டுவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். நீங்கள் சொல்லும் நிலையில் அவசரப்பட்டதுதான் சரி.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. முறிந்த விலா எலும்பு நுரையீரலைக் கிழித்தாலோ, கத்தி வெளியிலிருந்து துளைத்தாலோ, அவற்றுக்கு நடுவே காற்று புகுந்து நுரையீரல் சுருங்கும். கொஞ்சம் காற்றுதான் என்றால் ஆள் பேசிக்கொண்டே இருப்பார், மூச்சை இழுத்தால் வலிக்கிறது என்பார். அவருக்கு நிதானமாகப் படம் எடுத்துப் பார்க்கலாம்.

சிக்கல், கிழிசல் ஒருவழிக் கதவாக மாறும்போது. காற்று உள்ளே போகும், வெளியே வராது. அழுத்தம் ஏற ஏற இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபட்டு பிபி சரியும். சில நிமிடங்களில் இதயமே நின்றுவிடலாம். இவரை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போகவே கூடாது.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? கண், கை, காதுதான். மூச்சுத் திணறும், நாடி வேகமாக ஓடும், ஆக்சிஜன் அளவு இறங்கும். அடிபட்ட பக்கம் ஸ்டெதஸ்கோப் வைத்தால் மூச்சுச் சத்தம் இருக்காது. விரலால் தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம் வரும். உள்ளே ரத்தம் தேங்கியிருந்தால் மந்தமாகக் கேட்கும். (ஆம்புலன்ஸ் சைரன், அழுகைச் சத்தத்துக்கு நடுவே இது கேட்டால் அதிர்ஷ்டம்.) மூச்சுக்குழல் ஒரு பக்கம் ஒதுங்குவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். கழுத்து ரத்தக்குழாய் புடைப்பதும் ஓர் அறிகுறிதான், ஆனால் நிறைய ரத்தம் போனவருக்கு அது புடைக்காமலே போகலாம். இவை வரட்டும் என்று காத்திருந்தால் ஆள் போய்விடுவார். படுக்கையருகே அல்ட்ராசவுண்ட் கருவி கைக்கெட்டினால் சந்தேகம் சில நொடிகளில் தீரும். மல்லாந்து படுத்தபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியாத காற்று கூட அதில் தெரிவதுண்டு.

சிக்கிய காற்றை வெளியேற்றும் இந்த ஊசியை முன்பெல்லாம் காரை எலும்புக்குக் கீழே, இரண்டாவது விலா இடைவெளியில் குத்துவோம். பலருக்கு அங்கே தசை தடிமனாக இருப்பதால் ஊசி உள்ளே எட்டாது. அதனால் 2018-இல் வந்த ஏடிஎல்எஸ் (விபத்துக் காயங்களுக்கான சிகிச்சையை மருத்துவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சி) கையேட்டின் பத்தாம் பதிப்பு, பெரியவர்களுக்கு அக்குள் பக்கமாக 4 அல்லது 5-ஆவது இடைவெளியைச் சொல்கிறது. குழந்தைகளுக்குப் பழைய இடமேதான். குத்தியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறும், பிபி ஏறத் தொடங்கும். ஆனால் ஊசி மடங்கும், அடைத்துக்கொள்ளும். அதனால் உடனே நெஞ்சில் குழாய் போட்டு, தண்ணீர் பாட்டிலோடு இணைக்க வேண்டும். பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நோயாளியை வேறு இடத்துக்கு மாற்றும்போது குழாயைக் கிளிப் போட்டு அடைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பாட்டிலில் குமிழி வந்துகொண்டிருக்கும்போது அப்படி அடைத்தால் பழைய ஆபத்து திரும்பி வரும்.

அப்புறம், மருத்துவமனைக்கு வரும் முன் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. நெஞ்சில் செருகியிருக்கும் கத்தியைப் பிடுங்காதீர்கள். திறந்த காயத்தை மூடிய பிறகு மூச்சு இன்னும் மோசமானால், மூடியதை உடனே எடுத்துவிடுங்கள்.