பார்வையற்ற வீரருடன் ஓடும் வழிகாட்டி என்ன செய்கிறார்?

வெளிநாட்டிலிருந்து மதுரைக்கு வரும் தன்னார்வலர், பார்வையற்ற ஓட்டவீரருக்கு எப்படி உதவலாம்? கூடவே ஓடலாம். அதுதான் வழிகாட்டி ஓட்டக்காரரின் வேலை. இருவரையும் ஒரு குட்டைக் கயிறு இணைக்கும். 2024 பாரிஸ் பாராலிம்பிக் மாரத்தானில், தடுமாறிய வழிகாட்டியைத் தாங்குவதற்காகக் கணநேரம் கயிற்றை விட்ட ஸ்பெயினின் எலேனா கொங்கோஸ்ட் தகுதிநீக்கம் செய்யப்பட்டார், அவ்வளவு கறார்! பார்வை அநேகமாக அறவே இல்லாதவர்களுக்கான டி11 பிரிவில் வீரர்கள் கண்ணையும் மறைத்துக்கொள்வதால், வளைவு வருவது வழிகாட்டியின் குரலில்தான் தெரியும். ரேக்ளா வண்டியில் பூட்டிய காளைகளைப் போலத்தான்: ஒன்றின் கால் பிசகினால் மற்றதும் தடுமாறும். காலடி ஒத்துவர நாளாகும். இரண்டு வார விருந்தாளியால் பெரிய பயனில்லை. ‘இடது’, ‘வளைவு’ என்றாவது தமிழில் சொல்லப் பழகிக்கொண்டு வாருங்கள். வழிகாட்டி வீரரை இழுத்துச் செல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இழுப்பது விதிமீறல், எல்லைக்கோட்டையும் வீரர்தான் முதலில் தாண்ட வேண்டும்.