டான்டலன் கோட்டையின் புறாக்கூடு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் உள்ள டான்டலன் கோட்டைக்குப் போயிருந்தோம். எல்லோரும் நிலப்பக்கம் பார்த்த அந்தப் பெரிய மதிலைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கண்ணில் பட்டது வெளிப்புறப் புல்வெளியில் நின்ற ஒரு சின்ன இடிபாடு. கூரை இல்லை. உள்சுவர்களில் வரிசை வரிசையாகச் சதுரப் பொந்துகள். புறாக்கூடு என்றார்கள். இத்தனை புறாக்கள் எதற்கு? தூது அனுப்பவா? கோட்டைக்குள் வைக்காமல் ஏன் வெளியே வைத்தார்கள்?

கீதா, எடின்பரோ

அன்புள்ள கீதா,

தூதுக்கு இல்லை, சாப்பாட்டுக்கு. தூதுப் புறாக்களைப் பழக்கி வெளியூருக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட வேண்டும். இங்கே இருந்தவை அரைக்காட்டுப் பறவைகள். காலையில் தாமாகப் பறந்துபோய் இரைதேடி, மாலையில் திரும்பிவிடும். வளர்ப்பவர் தீனி போட வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. ஒரு ஜோடி ஒரு முறைக்கு இரண்டு முட்டை இடும், ஆண்டில் பல முறை பொரிக்கும். குஞ்சு நான்கு வார வயதில் நன்றாகக் கொழுத்திருக்கும், ஆனால் இன்னும் பறந்திருக்காது. சதை இளசாக இருக்கும் அந்தச் சமயத்தில் பொந்திலிருந்து எடுத்துச் சமையலறைக்கு அனுப்பிவிடுவார்கள். வளர்ந்த புறாக்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

குளிர்காலத்தில் புது இறைச்சி கிடைக்கத்தான் இவற்றைக் கட்டினார்கள் என்று வழிகாட்டி நூல்கள் பலவற்றில் படிக்கலாம். நான் அதை ஏற்பதில்லை. கடுங்குளிரில் புறாக்கள் குஞ்சு பொரிப்பது மிகக் குறைவு. இது வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரைக்குமான விருந்துச் சாப்பாடு. பசியைத் தீர்க்க அல்ல, பெரிய வீட்டு மேசையின் அந்தஸ்துக்காக. அப்புறம் எச்சம். வயலுக்கு முதல்தரமான உரம், தோல் பதனிடவும் உதவும். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பும் அதிலிருந்து கிடைத்தது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசரின் ஆட்கள் புறாக்கூட்டுத் தரையைத் தோண்டி மண்ணை அள்ளிக்கொண்டு போவார்கள்.

நீங்கள் பார்த்த கூடும் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுதான். கோட்டை அதைவிட முந்நூறு ஆண்டு மூத்தது, 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் டக்ளஸ் பிரபுக்கள் எழுப்பியது. ஸ்காட்லாந்தில் இத்தகைய கூட்டை 'டூகாட்' என்பார்கள். பழையவை தேன்கூடு போல உருண்டையானவை. பின்னால் வந்தவை, டான்டலனில் ஒரு காலத்தில் இருந்தது போல, ஒரே பக்கம் சரியும் கூரை கொண்டவை. உயரமான பின்சுவர் வடக்கே நின்று குளிர்காற்றைத் தடுக்கும். கூரை தெற்கு வெயிலைப் பார்த்துச் சரியும், புறாக்கள் அதில் உட்கார்ந்து குளிர்காயும். பல கூடுகளில் வெளிச்சுவரைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் கல்வரி ஒன்று உண்டு. எலி ஏறாமல் தடுக்க அது. புறா பறந்து போய்வர இடம் வேண்டும், எச்சத்தை அள்ளி வண்டியேற்ற வழி வேண்டும். இதை நெருக்கமான உள்முற்றத்தில் வைக்க எந்தச் சமையல்காரரும் விரும்பியிருக்க மாட்டார்.

சரி, அந்தப் புறாக்கள் எங்கே போய்த் தின்றன? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். டான்டலன் இருக்கும் கிழக்கு லோதியன் வட்டாரம் நல்ல தானிய பூமி. விதைத்த வயலிலும் விளைந்த கதிரிலும் ஆயிரக்கணக்கான அலகுகள் இறங்கும். அந்த நிலத்தை உழுதவர்கள் குத்தகைக்காரர்கள். புறா தின்றதற்காகக் குத்தகைத் தானியத்தில் ஒரு படி குறையப்போவதில்லை. அடுத்தவன் உழைப்பை இறைச்சியாக மாற்றி எஜமான் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு அந்தக் கட்டடம். எனக்கு அது மதிலைவிடக் கடுமையாகத் தெரிகிறது. மதில் எதிரியிடமிருந்து காத்தது, இது சொந்தக் குடிகளிடமிருந்தே எடுத்தது.

தொல்லை பெருகியதால் 1617-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஆண்டுக்குப் பத்து சால்டர் தானியம் தரும் நிலம், கூட்டிலிருந்து இரண்டு மைலுக்குள் இருந்தால்தான் ஒருவர் புதிதாகப் புறாக்கூடு கட்டலாம். சால்டர் அந்தக் கால முகத்தல் அளவை, பத்து சால்டர் என்பது பெரிய நிலக்காரருக்கு மட்டுமே எட்டும் அளவு. தன் நிலத்தில் மேயட்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் தன் நிலம் என்றாலும் விதைத்தவன் வேறு ஆள்தானே.

பிரான்சில் கோபம் வெடித்தே விட்டது. பிரபுக்களின் சலுகைகளை ஒழித்த 1789 ஆகஸ்ட் தீர்மானங்களில் இரண்டாவது பிரிவே புறாக்கூட்டைப் பற்றியதுதான். கூடு வைக்கும் தனியுரிமை ரத்து. ஊர் குறிக்கும் காலத்தில் புறாக்களை அடைத்து வைக்க வேண்டும், அப்போது வெளியே பறந்தால் தன் நிலத்துக்கு வருவதை யாரும் கொல்லலாம். ஒரு புரட்சி இவ்வளவு சீக்கிரம் புறாவுக்கு வந்துவிட்டது என்றால், அந்தப் பறவைகளால் மக்கள் பட்டது கொஞ்சமா?

ஸ்காட்லாந்தில் கூடுகள் மெல்ல மெல்லவே கைவிடப்பட்டன. ஆனாலும் நிறைய மிஞ்சியிருக்கின்றன. இடித்தால் ஓராண்டுக்குள் வீட்டு எஜமானி இறந்துவிடுவார் என்ற நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள்.

உங்களுக்கு இன்னும் பார்க்க ஆசை இருந்தால் பக்கத்திலேயே டர்ல்டன் கோட்டை இருக்கிறது. அங்கே தேன்கூடு வடிவக் கூடு முழுசாக நிற்கிறது. ஈஸ்ட் லின்டன் ஊரருகே ஃபான்டாஸி கூடும் உண்டு. வெளிச்சுவரில் எலிக்கான கல்வரி இருக்கிறதா என்று பாருங்கள், பொந்துகளைப் படமெடுத்து அனுப்புங்கள்.