கோஸ்ட் இன் தி ஷெல்: மொட்டைமாடிக் காட்சி ஏன் கிராபிக்ஸாக இருக்கிறது?

‘கோஸ்ட் இன் தி ஷெல்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தின் டிஸ்க்கைப் போட்டால் மொட்டைமாடிக் காட்சி கைவரைவாக இல்லாமல் கிராபிக்ஸாகத் தெரிகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் டிவியிலும் பிளேயரிலும் கோளாறு இல்லை. உங்களிடம் இருப்பது 1995 படம் அல்ல, 2008-ல் வந்த 2.0 பதிப்பு. இயக்குநர் மமோரு ஓஷீ சில காட்சிகளைக் கணினி வரைகலையில் புதிதாகச் செய்து சேர்த்தார். நீங்கள் சொல்லும் மொட்டைமாடிக் காட்சி அதில் ஒன்று. பச்சையாக இருந்த நிறமும் ஆரஞ்சுக்கு மாறியது. கலர் செட்டிங்கை எவ்வளவு திருகினாலும் பழைய பச்சை வராது.

அட்டையில் 2.0 என்று இல்லாவிட்டால் இப்படிப் பாருங்கள்:

1. தொடக்கத்தில் ஓடும் எண்கள் பச்சையா, ஆரஞ்சா?
2. கதாநாயகி மோட்டோகோ கடலில் மூழ்கும் இடத்தில் நிறுத்துங்கள். உடல் பொம்மைபோல வழுவழுவென்று, கோடே இல்லாமல் இருந்தால் 2.0. அடுத்து படகில் பேசும்போது முகம் சட்டென்று கைவரைவுக்குத் திரும்பும். அந்த ஒட்டுதான் கண்ணை உறுத்துகிறது.
3. ஜப்பானிய ஒலியில் பப்பட் மாஸ்டர் (மோட்டோகோ தேடும் ஹேக்கர்) ஆண் குரலில் பேசினால் 1995, பெண் குரல் என்றால் 2.0.

டிஸ்க்கைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் முன் எக்ஸ்ட்ராஸ் மெனுவையும் பாருங்கள். சில 2.0 டிஸ்குகளில் பழைய படமும் அங்கே இருக்கும். ஆனால் படத்தரம் சுமார்தான். புதிதாக வாங்குவதானால் 2020-ல் வந்த 4கே டிஸ்க்கை எடுங்கள். அது 1995 படமேதான், ஃபிலிமின் மணிமணியான இழையோடு. டிவியில் நாய்ஸ் ரிடக்ஷனை (படத்தின் புள்ளிகளை மழுப்பும் வசதி) அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அந்த இழை போய்விடும்.