லித்தியத்துக்கும் இன்வெர்ட்டருக்கும் பொருத்தம் பார்ப்பது: கேள்வி பதில்

கிரிட் இணைப்பு இல்லாமல் சோலாரில் மட்டும் ஓடும் அமைப்புகளைப் பற்றிய கேள்விகள் இவை. லித்தியம் என்று இங்கே சொல்வதெல்லாம் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி. மற்ற வகைகளுக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.

கேள்வி: 5 கிலோவாட் இன்வெர்ட்டர், 51.2 வோல்ட் 100 ஏஹெச் பேட்டரி ஒன்று. 5 யூனிட் இருக்கிறதே, போதாதா? பம்பு மோட்டார் போட்டதும் எல்லாமே அணைந்துவிடுகிறது.

பதில்: எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்குத்தான் யூனிட் கணக்கு. ஒரே சமயத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதை பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, எல்லை தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) முடிவு செய்கிறது. 5000 வாட்டை 51.2-ஆல் வகுத்தால் சுமார் 98 ஆம்பியர். இன்வெர்ட்டரின் திறன் 92 சதவீதம் என்று வைத்தால் 106. லோடில் வோல்டேஜ் 48-க்கு இறங்கினால் 113. உங்கள் பிஎம்எஸ் 100 ஆம்பியர் என்றால், மோட்டார் இல்லாமலே முழு லோடில் எல்லை தாண்டிவிட்டீர்கள். மோட்டாரோ கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். லெட் ஆசிட் என்றால் வோல்டேஜ் சரிந்தாலும் முக்கி முனகி கொடுத்துவிடும். பிஎம்எஸ் பட்டென்று வெட்டிவிடும். டேட்டா ஷீட்டில் பீக் ஆம்பியர் எத்தனை நொடிக்கு என்று பாருங்கள். இதே பேட்டரி இன்னொன்றைப் பேரலலில் சேர்ப்பது நல்ல தீர்வு. மோட்டாருக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டாலும் பாரம் குறையும்.

கேள்வி: இன்வெர்ட்டர் மெனுவில் லித்தியமே இல்லை. ஏஜிஎம் (லெட் ஆசிடில் ஒரு வகை) என்று வைத்துவிடலாமா?

பதில்: யூசர் மோடு (எண்களை நாமே கொடுக்கும் வசதி) இருந்தால் அதில் வையுங்கள். முதலில் உள்ளே எத்தனை செல் என்று பாருங்கள். 51.2 வோல்ட் என்றால் 16, வெறும் 48 என்றால் 15. 16 செல்லுக்கு சார்ஜ் வோல்டேஜ் 56 முதல் 56.8, ஃப்ளோட் (நிரம்பிய பின் தாங்கிப் பிடிக்கும் வோல்டேஜ்) 54 அளவில் போதும். இதே 56.8-ஐ 15 செல்லுக்குக் கொடுத்தால் செல்லுக்கு 3.79 வோல்ட் ஆகிறது, 3.65-தான் உச்ச வரம்பு. ஈக்வலைசேஷனையும் (லெட் ஆசிடுக்கு அவ்வப்போது தரும் அதிக வோல்டேஜ் சார்ஜ்) டெம்பரேச்சர் காம்பென்சேஷனையும் (வெப்பநிலைக்கேற்ப சார்ஜ் வோல்டேஜை மாற்றுவது) கட்டாயம் நிறுத்துங்கள். பேட்டரி கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே வையுங்கள், என் எண்ணை அல்ல.

கேள்வி: ராத்திரி பேட்டரி காலியாகி அணைந்தது. காலையில் நல்ல வெயில் அடித்தும் இன்வெர்ட்டர் உயிர் பெறவில்லை. பேட்டரி போய்விட்டதா?

பதில்: அநேகமாகப் போயிருக்காது. பிஎம்எஸ் வெட்டிவிட்டால் பேட்டரி முனையில் வோல்டேஜே தெரியாது. பல எம்பிபிடி சார்ஜர்கள் (பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏற்றும் சோலார் சார்ஜர்கள்) பேட்டரி வோல்டேஜைப் பார்த்துத்தான் விழிக்கும். அதனால் பேனலில் மின்சாரம் இருந்தும் சார்ஜ் ஏறாது. பேட்டரியின் ரீசெட் பட்டனைப் பாருங்கள். இல்லையென்றால் அதற்குரிய தனி சார்ஜரில் கொஞ்சம் ஏற்றுங்கள். அப்புறம் இன்வெர்ட்டரின் லோ கட்-ஆஃபை 48 வோல்ட் அளவுக்கு உயர்த்துங்கள் (16 செல்லுக்கு). எப்போதும் இன்வெர்ட்டர் முதலில் நிற்க வேண்டும். பிஎம்எஸ் கடைசிக் காவல். தினசரி ஸ்விட்சாக அதைப் பயன்படுத்தக் கூடாது.

பேட்டரி நிரம்பும் மேல் எல்லையிலும் இதே கதைதான், ஆபத்து மட்டும் அதிகம். வேகமாக சார்ஜ் ஏறும்போது பிஎம்எஸ் திடீரென்று வெட்டினால், எம்பிபிடியிலிருந்து வரும் கரண்ட்டுக்குப் போக்கிடம் இருக்காது. வோல்டேஜ் எகிறி இன்வெர்ட்டர் பழுதாகலாம்.

கேள்வி: சாதாரண நெட்வொர்க் கேபிளால் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் இணைத்தேன். பிஎம்எஸ் கிடைக்கவில்லை என்று எர்ரர் வருகிறது.

பதில்: பிளக் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு கையேடுகளையும் அருகருகே வைத்து, தகவல் போகும் முறை கேன் (CAN) என்றால் ஹெச், எல் கம்பிகள் எந்தப் பின் என்று பார்த்து கேபிளை கிரிம்ப் செய்யுங்கள். ஆர்எஸ்485 என்ற இன்னொரு முறை என்றால் ஏ, பி. புரோட்டோகால் தேர்வு, பேட்டரியின் டிப் ஸ்விட்ச் (செட்டிங் மாற்றும் குட்டி ஸ்விட்சுகள்) இரண்டையும் சரிபார்க்க வேண்டும். தொடர்பு வரவே இல்லையென்றாலும் குடி முழுகிவிடாது. வோல்டேஜ் செட்டிங்கை வைத்து நன்றாகவே ஓட்டலாம். வந்தால், எவ்வளவு ஆம்பியர் ஏற்றலாம் என்பதை பேட்டரியே சொல்லும்.

கேள்வி: இன்வெர்ட்டர் திரையில் சார்ஜ் சதவீதம் தாறுமாறாகக் குதிக்கிறது.

பதில்: நம்பாதீர்கள். லித்தியத்தில் 20-க்கும் 80 சதவீதத்துக்கும் இடையே வோல்டேஜ் மிகக் கொஞ்சம்தான் மாறும். அதை வைத்துப் போடும் கணக்கு வெறும் ஊகம். பிஎம்எஸ் காட்டும் அளவைப் பாருங்கள், அல்லது ஷன்ட் மீட்டர் (பேட்டரிக்குள் போகும், வரும் கரண்ட்டை அளந்து கணக்கிடும் மீட்டர்) போடுங்கள்.

கேள்வி: பழைய லெட் ஆசிட் நன்றாக இருக்கிறது. லித்தியத்தோடு பேரலலில் விடலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: இரண்டாவது லித்தியம் பேட்டரி வாங்கியாயிற்று. எப்படிச் சேர்ப்பது?

பதில்: செல் எண்ணிக்கை ஒன்றுதானே? சரி. இரண்டையும் தனித்தனியாக முழு சார்ஜ் ஏற்றி, வோல்டேஜ் ஒன்றாக இருக்கும்போது இணையுங்கள். இல்லையென்றால் இணைத்த கணமே ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கரண்ட் பாயும். இரண்டிலிருந்தும் பஸ்பாருக்கு (கேபிள்கள் சேரும் உலோகப் பட்டை) ஒரே நீளம், ஒரே தடிமனில் கேபிள். பேட்டரிக்கு ஒன்றாக ஃப்யூஸ். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் வரும் என்பதால் கிளாஸ் டி (Class T) வகைதான் என் தேர்வு. மலிவான கார் ஆடியோ ஃப்யூஸ் வேண்டவே வேண்டாம். இன்வெர்ட்டரை இணைக்கும்போது பெரிய பொறி பறந்தால் பதறாதீர்கள், உள்ளே கெபாசிட்டர்கள் நிரம்புகின்றன. சில பத்து ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைச் சில நொடிகள் இடையில் வைத்துவிட்டு அப்புறம் கேபிளை மாட்டினால் பொறியும் வராது, பிஎம்எஸ்ஸும் ஷார்ட் என்று நினைத்து வெட்டாது.